குளிர்பதன வாயுக்களின் படிப்படியான ஒழிப்பு

ஏசி இயந்திரத்தின் குழாய்களில் சுற்றிவந்து, அறையின் வெப்பத்தை உறிஞ்சி வெளியே தள்ளும் பொருள் குளிர்பதன வாயு. மெக்கானிக்குகள் சொல்லும் ‘கேஸ்’. குழாய்க்குள் இருக்கும்வரை இதனால் கேடில்லை. காற்றில் கலந்தால்தான் வினை.

தொடக்கக் காலக் குளிர்பெட்டிகளில் அம்மோனியாவும் சல்ஃபர் டை ஆக்ஸைடும் இருந்தன. அவை கசிந்தபோது உயிர்கள் போயின. 1930இல் அமெரிக்க வேதியியலாளர் தாமஸ் மிட்ஜ்லி புதிய வாயு ஒன்றை அவையோர் முன் தாமே உள்ளிழுத்து, அந்த மூச்சாலேயே மெழுகுவத்தியை ஊதி அணைத்தார். நஞ்சில்லை, தீப்பிடிக்காது என்பதற்கு அதுவே சான்று. ஃப்ரியான் என்ற பெயரில் அது உலகெங்கும் பரவியது. அதிலுள்ள குளோரின் ஓசோன் படலத்தை அரிக்கும் என்று வேதியியலாளர்கள் மொலினாவும் ரோலண்டும் 1974இல் எச்சரித்தனர். 1985இல் அண்டார்க்டிகாவுக்கு மேலே ஓசோன் துளை கண்டறியப்பட்டது. இரண்டே ஆண்டில், ஓசோனை அரிக்கும் வாயுக்களைப் படிப்படியாக ஒழிக்க மான்ட்ரியல் உடன்படிக்கை கையெழுத்தானது.

பழைய வாயுக்களுக்கு மாற்றாக முன்னிறுத்தப்பட்ட ஆர்-22இலும் சிறிதளவு குளோரின் உண்டு. அதற்கும் கெடு வைக்கப்பட்டது. அடுத்து வந்த ஆர்-410ஏ ஓசோனைத் தொடுவதில்லை. ஆனால் நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப் போல 2,088 மடங்கு புவியைச் சூடாக்கும். ஓசோனைக் காத்த கையோடு இதையும் அன்றே கவனித்திருக்க வேண்டும். உலகம் 2016 அக்டோபரில்தான், ருவாண்டாவின் கிகாலியில் விடிய விடியப் பேசி, இத்தகைய வாயுக்களையும் குறைக்கும்படி மான்ட்ரியல் உடன்படிக்கையைத் திருத்தியது. இத்திருத்தம் முழுமையாக நிறைவேறினால் இந்நூற்றாண்டின் இறுதிக்குள் 0.5 டிகிரி வரை வெப்ப உயர்வைத் தவிர்க்கலாம் என்பது மதிப்பீடு.

வளர்ந்த நாடுகள் இவ்வாயுக்களை 2019இல் குறைக்கத் தொடங்கின. 2021இல் திருத்தத்தை ஏற்ற இந்தியாவுக்கு 2028இல் உச்சவரம்பு, 2032இல் முதல் குறைப்பு, 2047இல் 85 சதவீதக் குறைப்பு. இன்று கடைகளில் பரவலாக இருக்கும் ஆர்-32இன் வெப்பமூட்டும் திறன் கரியமில வாயுவைப் போல 675 மடங்கு. ஆர்-290இன், அதாவது புரொப்பேனின், திறன் மிகமிகக் குறைவு. ஆனால் எளிதில் தீப்பற்றும் என்பதால் ஓர் இயந்திரத்தில் எவ்வளவு நிரப்பலாம் என்பதற்குக் கட்டுப்பாடு உண்டு.

உடன்படிக்கை உற்பத்தியையும் இறக்குமதியையும் அளக்கிறது. ஏற்கெனவே சுவர்களில் தொங்கும் இயந்திரங்களுக்குள் இருக்கும் வாயுவை மீட்கக் கட்டாயப்படுத்துவதில்லை. உடன்படிக்கையின் பெருங்குறை இதுவே. அந்த வாயு காற்றில் கலக்காமலிருக்க, வீடு மாறும்போது ஏசியைக் கழற்றுமுன் ஒரு வால்வை மூடி, கம்ப்ரஸரை ஓடவிட்டு, வாயு முழுவதையும் வெளி யூனிட்டுக்குள் இழுத்த பிறகு மற்ற வால்வையும் மூட வேண்டும். சில நிமிட வேலை. அதைச் செய்யாமல் குழாயைக் கழற்றி ஒரு கிலோ ஆர்-410ஏவைத் திறந்துவிட்டால், இரண்டு டன் கரியமில வாயுவை வெளிவிட்டதற்குச் சமம்.