கே. ஆர். கௌரியம்மா

கே. ஆர். கௌரியம்மா (14 ஜூலை 1919 – 11 மே 2021) கேரளச் சட்டமன்றத்தில் நெடுங்காலம் உறுப்பினராகவும் பலமுறை அமைச்சராகவும் இருந்தவர். சேர்த்தலையை அடுத்த பட்டணக்காட்டில் பிறந்தவர். ஈழவப் பெண்களில் முதலாவதாகச் சட்டப் பட்டம் பெற்றவர். முதலமைச்சர் ஆகாமல் போனவர் என்றே இவரைப் பலரும் நினைவுகூர்கிறார்கள். 1987 தேர்தலில் இவர் பெயரைச் சொல்லி வாக்குக் கேட்ட இடது முன்னணி, வென்றபின் ஈ. கே. நாயனாரை முதல்வராக்கியது உண்மைதான். ஆனால், கிடைக்காத பதவியை வைத்து அளந்தால் இவருடைய வாழ்நாள் உழைப்பு கண்ணில் படாது. அந்த உழைப்பு நிலச் சட்டம்.

1957 ஏப்ரல் 5 அன்று முதலமைச்சர் ஈ. எம். எஸ். தலைமையில் கம்யூனிஸ்ட் அமைச்சரவை பதவியேற்றது. கௌரியம்மா வருவாய்த் துறை அமைச்சர். ஏப்ரல் 11 அன்றே குத்தகைதாரர்களை வெளியேற்றத் தடை விதித்து அவசரச் சட்டம் வந்தது. இந்த வரிசை முக்கியம்: சீர்திருத்தம் வரப்போகிறது என்று தெரிந்தால் நிலவுடைமையாளர்கள் முந்திக்கொண்டு உழுபவரை விரட்டிவிடுவார்கள். அதன்பின் வந்த விவசாய உறவு மசோதா 1959 ஜூனில் நிறைவேறியது. ஜூலை 31இல் ஆட்சியே கலைக்கப்பட்டது. 1967இல் மீண்டும் அதே துறையை ஏற்றவர், 1969இல் நிலச் சீர்திருத்தத் திருத்தத்தை அவையில் நிறைவேற்றினார். 1970 ஜனவரி 1 முதல் குத்தகை முறை ஒழிந்தது; பிறர் நிலத்தில் குடிசை போட்டு வாழ்ந்த குடிகிடப்புக்காரர்களுக்குக் கிராமங்களில் பத்து சென்ட் வரை மனை உரிமை கிடைத்தது.

இது கட்சியின் கொள்கை, தனி ஒருவரின் சாதனை அல்ல என்பார்கள். கொள்கை கட்சியுடையதுதான்; அதை நீதிமன்றத்தில் நிற்கும் சட்டமாக்குவது வேறு வேலை. அதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு: நிலம் குத்தகைதாரருக்குப் போனது, வயலில் கூலிக்கு உழைத்த தலித்துகளுக்கும் ஆதிவாசிகளுக்கும் போகவில்லை, தோட்டங்கள் உச்சவரம்புக்கு வெளியே நின்றன. இதை மறுக்க முடியாது. குத்தகைச் சீட்டே இல்லாதவருக்குக் குத்தகைச் சட்டம் விளைநிலம் தரவில்லை. ஆயினும் அந்தக் குறையை அவர் கண்டுகொள்ளாதவர் அல்லர். 1994இல் மார்க்சிஸ்ட் கட்சியிலிருந்து நீக்கப்பட்டு, ஜனாதிபத்திய சம்ரட்சண சமிதியைத் தொடங்கி, காங்கிரஸ் முன்னணியில் இருந்த காலம் அது. ஆதிவாசிகள் இழந்த நிலத்தை மீட்டுத்தரும் 1975ஆம் ஆண்டுச் சட்டத்தை நீர்த்துப்போகச் செய்யும் திருத்தம் 1996இல் அவைக்கு வந்தது. ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சியும் சேர்ந்து ஆதரித்தன. 140 உறுப்பினர் கொண்ட அவையில் எதிர்த்தவர் கௌரியம்மா ஒருவரே. 140 உறுப்பினர் கொண்ட அவையில் எதிர்த்தவர் கௌரியம்மா ஒருவரே. அந்தத் திருத்தத்துக்குக் குடியரசுத் தலைவர் ஒப்புதல் தரவில்லை.