ஆல்ட் அறிக்கையும் ஒத்திகை வான்சண்டையும்: ஒரு மறுவாசிப்பு

வியட்நாம் போரின் பிற்பகுதியில் அமெரிக்கக் கடற்படை விமானிகள் பெற்ற வெற்றிக்கு மேம்பட்ட ஏவுகணைகளும் ரேடார் எச்சரிக்கையுமே காரணம், கடற்படையின் வான்சண்டைப் பயிற்சிப் பள்ளியான டாப்கனின் ஒத்திகைச் சண்டைகளுக்கு அதில் பெரிய பங்கில்லை என்று ஒரு சாரார் எழுதிவருகின்றனர். அவர்களுடைய முதன்மைச் சான்று, வான்சண்டை ஏவுகணைகளின் செயல்திறன் பற்றிக் கடற்படைக் கேப்டன் ஃபிராங்க் ஆல்ட் 1969 ஜனவரியில் அளித்த அறிக்கை. அது எழுப்பும் ஐந்து கேள்விகளில் நான்கு ஏவுகணைகளின் தயாரிப்பு, இருப்பு, பழுதுநீக்கம் பற்றியவை. ஒன்றுதான் பயிற்சி பற்றியது. இந்தக் கணக்கு சரி. அதிலிருந்து அவர்கள் எடுக்கும் முடிவு சரியல்ல.

1965 முதல் 1968 வரை சுமார் 360 மோதல்களில் ஏறத்தாழ 600 ஏவுகணைகள் ஏவப்பட்டன. பத்துக்கு ஒன்றே பலித்தது என்கிறது அறிக்கை. கருவிக் கோளாறுகள் இருந்தன, மறுக்கவில்லை. ஆனால் ஏவக்கூடாத நிலையில் ஏவி வீணானவையும் பல. வெப்பத்தைத் தேடிச் செல்லும் சைட்வைண்டர் ஏவுகணை, இலக்கின் வெப்பத்தைக் கண்டதும் விமானியின் காதில் உறுமும். வெப்பம் தெரிகிறது என்பதற்குத்தான் அந்த உறுமல் அடையாளம். ஏவினால் படும் என்பதற்கு அல்ல. எதிரி கூர்மையாகத் திரும்பிக்கொண்டிருந்தால், அல்லது இடைவெளி மிகக் குறைந்துவிட்டால், உறுமலை நம்பி ஏவிய கணை இலக்கைத் தவறவிடும். இந்த எல்லைகளை வகுப்பறையில் வரைந்து காட்டலாம். கூர்மையான திருப்பத்தில் ஈர்ப்பு விசையைப்போலப் பல மடங்கு விசை உடலை அழுத்த, கழுத்தைப் பின்னுக்குத் திருப்பியபடி, அந்த எல்லைக்குள் இருக்கிறோமா என்று கண்மதிப்பாகக் கணிக்கும் திறன் ஒத்திகையில் மட்டுமே வரும். அதுவும் அமெரிக்கரின் ஃபாண்டம் போர்விமானத்தோடு இன்னொரு ஃபாண்டம் மோதினால் போதாது. டாப்கன் ஆசிரியர்கள் ஓட்டிய சிறிய ஏ-4 ஸ்கைஹாக், எதிரியின் மிக்-17 போர்விமானம் போலக் குறுகிய வட்டத்தில் திரும்பும். ஆகவே ஒத்திகைச் சண்டையை ஏவுகணைக்கு மாற்றாக நிறுத்துவதே பிழை. ஏவுகணையை எப்போது ஏவுவது என்று கற்றுத்தந்ததே அதுதான்.

அமெரிக்க விமானப்படையோடு ஒப்பிட்டால் இது தெளிவாகும். அதன் ஃபாண்டம்-இ விமானங்களில் பீரங்கியே இருந்தது. கடற்படை ஃபாண்டம்களில் இல்லை. ஆயினும் போரின் பிற்பகுதியில் விமானப்படை ஓர் இழப்புக்கு ஏறத்தாழ இரண்டு மிக் என்ற அளவைத் தாண்டவில்லை. கடற்படையோ இரண்டரையிலிருந்து பன்னிரண்டுக்கு மேல் உயர்ந்தது. மோதல்களின் எண்ணிக்கை குறைவு என்பதால் இந்த விகிதங்களை அப்படியே நம்பிவிட முடியாது. கடற்படையின் சைட்வைண்டர் மேலானது என்பதும் உண்மை. ஆனால் மேலான கணைக்கும் எல்லை உண்டு. ரேடார் எச்சரிக்கை இரு படைகளுக்குமே கிடைத்தது. வென்றவர் எல்லாரும் டாப்கனில் படித்தவரல்லர் என்ற தடை வலுவற்றது: படித்துத் திரும்பியவர் தம் படைப்பிரிவுக்குக் கற்பிப்பதற்காகவே அப்பள்ளி அமைந்தது.

விமானப்படையே இறுதியில் ஒத்திகைச் சண்டையின் தேவையை ஏற்றுக்கொண்டது. 1972இல் நெல்லிஸ் தளத்தில் எதிரியாக நடித்துச் சண்டையிடத் தனிப் பிரிவொன்றை அமைத்தது. 1975இல் ரெட் ஃபிளாக் என்ற போர் ஒத்திகைப் பயிற்சியைத் தொடங்கியது. ஆல்ட் அறிக்கையின் பயிற்சிப் பகுதியை மற்ற நான்கிலிருந்து பிரித்துச் சிறிதாகக் காட்டும் வாசிப்பு இனி நிலைக்காது.