நாட்டு விதியும் உலக விதியும்: சதுரங்கம் இரண்டுபட்டிருந்த காலம்

64 கட்டங்களும் 32 காய்களும் எங்கும் ஒன்றாகவே இருந்தபோதிலும், 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இந்தியத் துணைக்கண்டத்தில் சதுரங்கம் ஒரே ஆட்டமாக இருக்கவில்லை. ஐரோப்பியர் கொண்டுவந்த விதியைச் சிலரும், தலைமுறை தலைமுறையாக ஊரில் வழங்கிய நாட்டு விதியைப் பலரும் கைக்கொண்டிருந்தனர். எது உண்மையான சதுரங்கம் என்பதில் இரு சாராரும் ஒன்றுபடுவதற்கு ஒன்றரை நூற்றாண்டு பிடித்தது. இன்று இலங்கையின் சபரகமுவ மாகாணத்திலுள்ள அரநாயக்கவின் தோட்டப் பாடசாலையில் ஒரு மாணவி பலகையை விரித்தாலும் சென்னையில் ஒரு மாணவன் விரித்தாலும் அவர்கள் ஆடுவது ஒரே விதியைத்தான். ஆனால் அம்மாணவியின் முன்னோர் தமிழகத்துக் கிராமங்களிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கும் தேயிலைத் தோட்டங்களுக்கும் கடல் கடந்து வந்த காலத்தில், அவர்கள் விட்டுவந்த நாட்டில் நாட்டு விதியே பெருவழக்காக இருந்தது.

நாட்டு விதி என்பதும் ஒன்றாக இருக்கவில்லை. 1913இல் சதுரங்கத்தின் வரலாற்றை விரிவாக எழுதிய ஆங்கில அறிஞர் ஹெச்.ஜே.ஆர். மரே, இந்துஸ்தானி, பார்சி, ரூமி என மூன்று வகைகளை வேறுபடுத்திக் காட்டினார். அவற்றிடையே பொதுவாகக் காணப்பட்ட கூறுகள் சிலவற்றைக் குறிப்பிடலாம். காலாள், அதாவது முன்வரிசையில் நிற்கும் சிறுகாய், முதல் நகர்விலும் பெரும்பாலும் ஒரு கட்டமே முன்செல்லும். ராஜாவையும் யானையையும் ஒரே நகர்வில் இடம் மாற்றிப் பாதுகாப்புத் தேடும் ‘கோட்டை கட்டுதல்’ கிடையாது. அதற்குப் பதிலாக, எதிரியின் முற்றுகைக்கு ஒருமுறையேனும் ஆளாகாத ராஜா, ஆட்டத்தில் ஒரே ஒரு தடவை குதிரையைப் போலத் தாவலாம். கடைசி வரிசையை எட்டிய காலாள் விரும்பியபடி ராணியாகிவிட முடியாது. எந்தக் காய்க்குரிய நிரலில் அது போய்ச் சேர்ந்ததோ அந்தக் காயாகவே பதவி உயரும்.

இவை சிறிய வேறுபாடுகளாகத் தோன்றினாலும் ஆடுபவரின் சிந்தனையையே வேறு திசையில் செலுத்துபவை. காலாள் ஒவ்வொரு கட்டமாக ஊர்ந்து செல்லும் ஆட்டத்தில் படைகள் மோதுவதற்கு நெடுநேரம் ஆகும். ஆகவே திறமை, மனப்பாடம் செய்த தொடக்க நகர்வுகளில் தங்காமல், படையை நிதானமாக அணிவகுப்பதிலும் ஆட்டத்தின் இறுதிக் கட்டத்திலும் தங்கியிருந்தது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கல்கத்தாவில் ஜான் காக்ரேன் என்ற ஸ்கொட்லாந்து வழக்கறிஞருடன் நூற்றுக்கணக்கான ஆட்டங்கள் ஆடிய மகேஷ்சந்திர பானர்ஜி, ஐரோப்பிய விதியில் ஆடியபோதும் இந்தப் பழக்கத்தை விடவில்லை. காலாளை ஒரு கட்டம் நகர்த்தி, அதன் பின்னே மந்திரியை நிறுத்தி, நீண்ட மூலைவிட்டத்தைத் தொலைவிலிருந்தே ஆளும் அவருடைய முறை அன்றைய ஐரோப்பியரிடையே அரிதாக இருந்தது. பிற்காலத்தில் ‘இந்தியத் தடுப்பு’ என்ற பெயரில் உலகெங்கும் பரவிய தொடக்க முறைகளின் வேரை அவருடைய ஆட்டங்களில் காண்பவர் பலர்.

மாற்றத்தை முன்னின்று வரவேற்றவர்களும் இம்மண்ணில் இருந்தனர். திருவேங்கடாசாரிய சாஸ்திரி வடமொழியில் தொகுத்த சதுரங்க நிலைகளை ஐரோப்பிய முறைக்கு ஏற்பத் திருத்தி 1814இல் பம்பாயில் ஆங்கில நூலாக வெளியிட்டார். சென்னைக்கும் ஹைதராபாத்துக்கும் இடையே கடிதம் மூலம் நடந்த போட்டியில் சென்னை அணியை வழிநடத்திய குலாம் காசிம், ஐரோப்பியத் தொடக்க முறை ஒன்றை ஆராய்ந்து ஜேம்ஸ் காக்ரேன் என்பவருடன் சேர்ந்து 1829இல் சென்னையிலேயே நூல் வெளியிட்டார்.

இரு விதிகளுக்கும் இடையிலான பிளவை ஒரே மனிதரின் வாழ்வில் காண வேண்டுமாயின் பஞ்சாபைச் சேர்ந்த மீர் சுல்தான் கானைத்தான் காட்ட வேண்டும். தந்தையிடம் நாட்டு விதியைக் கற்று, வளர்ந்த பின்னரே ஐரோப்பிய விதிக்கு வந்த அவர், நிலக்கிழார் சர் உமர் ஹயாத் கானின் ஆதரவில் 1929இல் இங்கிலாந்து சென்று, அவ்வாண்டிலேயே பிரித்தானியச் சாம்பியனானார். 1932லும் 1933லும் மீண்டும் அப்பட்டத்தை வென்றார். 1930-31 ஹேஸ்டிங்ஸ் போட்டியில் முன்னாள் உலகச் சாம்பியன் காபபிளாங்காவைத் தோற்கடித்தார். தொடக்க நகர்வுகளில் பின்தங்கியவராகவும் இறுதிக் கட்டத்தில் அசைக்க முடியாதவராகவும் அவர் விளங்கியதற்கு நாட்டு விதியில் பெற்ற பயிற்சியே காரணம் என்று கொள்வது பொருத்தமானது. 1933இல் நாடு திரும்பியவர் சில ஆண்டுகளிலேயே போட்டிகளிலிருந்து விலகி, 1966இல் மறைந்தார். உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு அவருக்குக் கௌரவ கிராண்ட்மாஸ்டர் பட்டம் வழங்கியது 2024இல்தான். இந்தத் தாமதம் வருந்தத்தக்கது.

1951இல் அகில இந்தியச் சதுரங்கக் கூட்டமைப்பு தோன்றிய பிறகும் 1960கள் வரை பல ஊர்களில் நாட்டு விதி உயிரோடு இருந்தது. பர்மாவில் பிறந்து தமிழகத்தில் வளர்ந்து, 1961இல் இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டரான மானுவல் ஆரோன், சங்கங்களை அமைத்தும் தொடக்க முறைகளை நூல்வழி படிக்கத் தூண்டியும் உலக விதியை நிலைபெறச் செய்தவர்களுள் முதன்மையானவர். 1972இல் சென்னையில், சோவியத் பண்பாட்டு மையத்தில், அவர் தொடங்கிய தால் சதுரங்கச் சங்கத்தில்தான் சிறுவன் விஸ்வநாதன் ஆனந்த் பயின்றார்; ஆனந்த் 1988இல் நாட்டின் முதல் கிராண்ட்மாஸ்டரானார். உலக அரங்கில் ஆட வேண்டுமாயின் உலக விதியை ஏற்றே ஆக வேண்டும் என்ற ஆரோன் தரப்பின் முடிவு சரியானது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. ஆயினும் வாழ்நாள் முழுவதும் நாட்டு விதியில் தேர்ந்த ஒருவருக்கு, அந்த முடிவு தம் தேர்ச்சியின் பெரும்பகுதியைச் செல்லாக்காசாக்கியது என்பதையும் வரலாறு மறக்கலாகாது.

இத்தகைய பிளவு இந்தியாவுக்கு மட்டும் உரியதன்று. மூலைவிட்டத்தில் ஒரு கட்டமே நகர்ந்த ராணிக்கு 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்பெயினிலும் இத்தாலியிலும் பேராற்றல் கிடைத்தபோது பழைய ஆட்டம் விரைவில் மறைந்தது. அதே இத்தாலியர் கோட்டை கட்டுவதில் தமக்கென ஒரு முறையை 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை விடாது காத்தனர். நம் காலத்தில், 1991இல் தொடங்கிய ‘சிவிலைசேஷன்’ என்ற கணினி உத்தி விளையாட்டுத் தொடரில், 2010இல் வந்த ஐந்தாம் பதிப்பு ஒரு கட்டத்தில் ஒரு படையே நிற்கலாம் என்றபோதும், 2025இல் வந்த ஏழாம் பதிப்பு யுகம் மாறுகையில் ஆடுபவர் தம் நாகரிகத்தையே மாற்ற வேண்டும் என்றபோதும் ரசிகர்கள் இரு கூறாயினர். ஆனால் புதியதை வெறுத்த ரசிகருக்குப் பழைய பதிப்பு கணினியில் அப்படியே இருக்கிறது. நாட்டுச் சதுரங்கத்துக்கோ, மரே போன்றோர் எழுதிவைத்தது போக, ஆடியவர்களின் நினைவைத் தவிர வேறு இருப்பிடம் இல்லை. அவர்கள் மறையும்போது எழுதப்படாத விதியும் உடன் மறைகிறது.

ஆகவே சபரகமுவத் தோட்டங்களிலாயினும் தமிழகத்துக் கிராமங்களிலாயினும், ராஜா ஒருமுறை குதிரையைப் போலத் தாவிய ஆட்டத்தை ஆடிய முதியவர் எவரேனும் இருப்பின், அவர் ஆடிய விதியை ஒன்றுவிடாமல் கேட்டு எழுதிவைக்க வேண்டும். இப்பணியைப் பாடசாலைச் சதுரங்கக் கழகங்களே இப்போதே தொடங்கலாம்.