கறுவாவும் சிலுவையும்

கஹவத்தையின் தேயிலை மலைகளையும் இறப்பர்த் தோட்டங்களையும் மாணிக்கக் குழிகளையும் அறிந்தவர்களுக்கு, ஐரோப்பாவின் மேற்குக் கோடியிலே பல நூற்றாண்டுகள் நடந்த கிறிஸ்தவ–இஸ்லாமியப் பகைமையின் ஓர் அத்தியாயம் இந்தச் சப்ரகமுவைச் சீமையிலும் எழுதப்பட்டது என்றால் வியப்பாகவே இருக்கும். 1415-இல் வட ஆபிரிக்காவின் சேயுட்டா நகரை முஸ்லிம்களிடமிருந்து பறித்த போர்த்துக்கேயர், அந்தப் பழம்பகையையும் கப்பலில் ஏற்றிக்கொண்டுதான் இந்து சமுத்திரத்துக்கு வந்தனர். பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லொரென்சோ த அல்மேதா கொழும்பில் நங்கூரமிட்டபோது, கறுவா வர்த்தகம் முஸ்லிம்களான சோனகர் கையில் இருந்தது. சமய வைராக்கியம் எங்கே முடிகிறது, கறுவா லாபம் எங்கே தொடங்குகிறது என்பதை அந்தப் பறங்கியராலேயே பிரித்துச் சொல்லியிருக்க முடியாது என்பது என் துணிபு.

1521-இல் கோட்டே இராச்சியம் மூன்றாகப் பிளந்து, சப்ரகமுவை மாயாதுன்னையின் சீதாவாக்கையோடு சேர்ந்தது. கோட்டேயை ஆண்ட தமையன் புவனேகபாகு பறங்கியரைத் துணைகொள்ள, தம்பி மாயாதுன்னையோ கள்ளிக்கோட்டைச் சாமூத்திரியிடம் ஆள் அனுப்பி முஸ்லிம் மரைக்காயர்களின் கப்பற்படையை வரவழைத்தான். இதைச் சிலுவைக்கும் பிறைக்கும் நடந்த யுத்தம் என்று வருணிப்பவர்கள், அண்ணனும் தம்பியும் பௌத்த அரசர்கள் என்பதையும், மரைக்காயரை அனுப்பிவைத்தவன் ஹிந்து மன்னன் என்பதையும் சௌகரியமாக மறந்துவிடுகிறார்கள்! 1538-இல் இராமநாதபுரக் கரையிலுள்ள வேதாளையில் அந்தக் கப்பற்படை சிதறியது. மறு ஆண்டு, தன்னை நம்பி வந்த மரைக்காயர் தலைவர்களின் தலைகளையே சமாதானத்தின் விலையாக மாயாதுன்னை கொடுத்தான் என்று போர்த்துக்கேயர் எழுதிவைத்திருக்கின்றனர். அரசியல் சாதுரியம் என்று இதைச் சொல்லலாம். எனக்கு அந்தச் சொல் வாயில் வர மறுக்கிறது.

இத்தனைக்கும், சிவனொளிபாத மலையின் பாதச்சுவட்டை ஆதம் நபியோடு சேர்த்துப் போற்றிய முஸ்லிம் பயணி இபின் பதூதா, பதினான்காம் நூற்றாண்டிலேயே யாதொரு தடையுமின்றி மலையேறித் திரும்பியவர். அம்மலையின் தெய்வமான சமனுக்கு இரத்தினபுரியில் இருந்த கோவிலைப் பறங்கியர் பின்னாளில் இடித்து, அந்த இடத்தில் தேவாலயம் எழுப்பினர். அந்த அடி சோனகர்மீது விழுந்ததன்று. குடிகளின் தெய்வத்தின்மீது விழுந்தது.

சோனகரின் முறை 1626-இல் வந்தது. தளபதி கொன்ஸ்தந்தீனு த சா, தன் ஆட்சிக்குட்பட்ட நிலமெங்கணுமிருந்து அவர்களை வெளியேற்றினான். கண்டியரசன் செனரத் அவர்களுக்குப் புகலிடம் தந்து, ஏறத்தாழ 4,000 பேரை மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றினான். நான்கே ஆண்டுகளில், ஊவா மலைநாட்டின் மீது படையெடுத்த த சா, ரந்தெனிவெலவில் அதே கண்டியரசின் சேனையால் மடிந்தான்.