சாட்டர்டே நைட் லைவ்: குறுநாடகங்களும் பாத்திரங்களும்

சாட்டர்டே நைட் லைவ், அமெரிக்காவின் என்பிசி தொலைக்காட்சியில் 1975 அக்டோபர் 11 முதல் ஒளிபரப்பாகிவரும் நகைச்சுவை நிகழ்ச்சி. சனிக்கிழமை இரவு 11.30 மணிக்கு நியூயார்க் ராக்ஃபெல்லர் மையத்தின் 8எச் அரங்கிலிருந்து நேரலையாகத் தொடங்கி ஒன்றரை மணி நேரம் நடக்கும். வாரம் ஒரு பிரபலம் விருந்தினராக வந்து நடத்துவார். ஒரு பாடகரோ இசைக்குழுவோ வந்து பாடும். நடுவில் ‘வீக்எண்ட் அப்டேட்’ என்ற நையாண்டிச் செய்தி அறிக்கை. மீதியெல்லாம் நாலைந்து நிமிடக் குறுநாடகங்கள். இந்தக் குறுநாடகங்களில் வந்த பாத்திரங்கள்தான் அரை நூற்றாண்டாக நிகழ்ச்சியைத் தாங்கி நிற்கின்றன.

நிகழ்ச்சி பிறந்ததற்கு ஜானி கார்சன் ஒரு மறைமுகக் காரணம். அவருடைய டுநைட் ஷோவின் பழைய பகுதிகளை வார இறுதியில் மறுஒளிபரப்பு செய்து என்பிசி காலம் தள்ளிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தச் சொல்லிவிட்டார் கார்சன். காலியான சனிக்கிழமை இரவை நிரப்பும் பொறுப்பு, கனடாவிலிருந்து வந்த லார்ன் மைக்கேல்ஸ் என்ற முப்பது வயது இளைஞரிடம் போனது. அவர் ஏழு நடிகர்களைச் சேர்த்தார்: டான் அக்ராய்ட், ஜான் பெலூஷி, செவி சேஸ், ஜேன் கர்ட்டின், காரெட் மோரிஸ், லரேன் நியூமன், கில்டா ராட்னர். அப்போது ஏபிசியில் ஹோவர்ட் கோசெல் இதே பெயரில் வேறொரு நிகழ்ச்சி நடத்திவந்ததால், முதலில் ‘என்பிசியின் சாட்டர்டே நைட்’ என்றுதான் இதற்குப் பெயர். கோசெலின் நிகழ்ச்சி 1976 ஜனவரியில் படுத்துவிட்டது. 1977இல் இன்றைய பெயர் இங்கே வந்தது. கோசெலிடம் இருந்த பில் மர்ரியும் அதே ஆண்டு இங்கே வந்து சேர்ந்தார்.

பாத்திரங்கள் ஏன் இப்படி அமைந்தன என்பது புரிய, நிகழ்ச்சி தயாராகும் விதத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். திங்கட்கிழமை மைக்கேல்ஸின் அறையில் எல்லோரும் கூடி விருந்தினரிடம் யோசனைகளைச் சொல்வார்கள். செவ்வாய் இரவு விடிய விடிய எழுத்து. புதன்கிழமை நாற்பது குறுநாடகங்கள் வரை உரக்கப் படித்துப் பார்க்கப்படும்; அவற்றில் சிலவே மேடைக்குப் போகும். வியாழன், வெள்ளியில் அரங்கப் பொருட்களும் ஒத்திகையும். சனி இரவு 8 மணிக்கு, ரசிகர்களை உட்கார வைத்து முழு ஒத்திகை நடக்கும். அங்கே சிரிப்பு விழாதது கடைசி நேரத்தில் வெட்டுப்படும். வசனத்தை மனப்பாடம் செய்ய நேரம் ஏது? கையால் எழுதிய பெரிய அட்டைகளை கேமராவுக்குப் பக்கத்தில் ஒருவர் பிடித்திருக்க, நடிகர்கள் அதைப் பார்த்தே பேசுவார்கள். டெலிபிராம்ப்டர் வந்து எத்தனையோ காலம் ஆகியும் இங்கே அட்டைதான்.

ஒரே இரவில் எழுதி, அட்டையைப் பார்த்துப் பேசி, மறு டேக் இல்லாமல் முடிக்க வேண்டும் என்ற இந்த நெருக்கடிக்குள் ஆழமான பாத்திரப் படைப்புக்கு இடமில்லை. ஒரு வேஷம், ஒரு குரல், திரும்பத் திரும்ப வரும் ஒரு வசனம், இவ்வளவுதான் கையிருப்பு. இந்தக் குறைந்த சரக்கை வைத்துக்கொண்டு யார் என்ன செய்தார் என்பதே இந்தப் பாத்திரங்களின் கதை.

முதல் நிகழ்ச்சியின் முதல் குறுநாடகத்திலேயே பெலூஷி செத்து விழுந்தார். ஆங்கிலம் கற்க வந்த வெளிநாட்டவர் வேஷம் அவருக்கு. ஆசிரியர் எதைச் சொன்னாலும் அப்படியே திருப்பிச் சொல்வார். ஆசிரியர் மாரடைப்பால் சாய்ந்ததும், அதுவும் பாடம் என்று நினைத்துத் தானும் சாய்வார். மேடை நிர்வாகியாக செவி சேஸ் எட்டிப் பார்த்து, கேமராவை நோக்கி ‘லைவ் ஃப்ரம் நியூயார்க், இட்ஸ் சாட்டர்டே நைட்’ என்று கூவினார். நிகழ்ச்சி இன்றும் அந்தக் கூவலோடுதான் தொடங்குகிறது.

பெலூஷியின் சாமுராய் பாத்திரம் 1975 டிசம்பரில், ரிச்சர்ட் பிரையர் விருந்தினராக வந்த இரவில் அறிமுகமானது. ஒரு ஓட்டலில் இரண்டு சாமுராய்கள் வேலை பார்க்கிறார்கள். எல்லாப் பிரச்சினைக்கும் வாள்தான் தீர்வு. அதே இரவில் பிரையரும் சேஸும் நடித்த சொல் இணைப்புத் தேர்வு இன்றளவும் பேசப்படுகிறது. வேலைக்கான நேர்காணலில் அதிகாரி சொல்லும் சொற்கள் மெல்ல மெல்ல நிறவெறி வசைகளாக மாறும். பிரையரின் முகம் இறுகிக்கொண்டே போகும். சிரிப்பும் பயமும் ஒரே நேரத்தில் வரும் இரண்டு மூன்று நிமிடங்கள் அவை. பிரையர் வாய்தவறி ஏதாவது சொல்லிவிடுவாரோ என்று அஞ்சிய என்பிசி, அன்று ஒளிபரப்பைச் சில வினாடிகள் தாமதப்படுத்தியது.

சாமுராய் பின்னர் தையல்காரரானார், பங்குத் தரகருமானார். 1976 அக்டோபர் 30 அன்று பங்குத் தரகர் வேஷத்தில் வீசிய வாள் விருந்தினர் பக் ஹென்றியின் நெற்றியில் பட்டு ரத்தம் வந்துவிட்டது. நேரலையை நிறுத்த முடியாது. ஹென்றி நெற்றியில் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு மீதி நிகழ்ச்சியை நடத்தினார். அடுத்தடுத்து மேடையேறிய மற்ற நடிகர்களும் அடிபடாத தங்கள் நெற்றியிலும் முகத்திலும் பிளாஸ்திரியோடு வந்தார்கள். விபத்து கண்ணெதிரே நகைச்சுவையானது. ஆனால் பாத்திரமாகப் பார்த்தால் சாமுராய்க்கு இன்று மவுசு இல்லை. ஜப்பானிய மொழிபோல் ஒலிக்கும் உளறலை வைத்துச் சிரிக்க வைக்கும் வேஷம் அது. இப்போது பார்க்கையில் நெளிய வைக்கிறது.

அதே பெலூஷியின் ஒலிம்பியா உணவகத்துக்கு வயதாகவில்லை. சிகாகோவில் உள்ள பில்லி கோட் டேவர்ன் என்ற உண்மையான கடையைப் பார்த்து டான் நோவெல்லோ எழுதியது. 1978 ஜனவரியில் முதலில் வந்தது. வாடிக்கையாளர் என்ன கேட்டாலும் கிடைப்பது சீஸ்பர்கர் மட்டும். கோக் இல்லை, பெப்சிதான். ஃபிரைஸ் இல்லை, சிப்ஸ்தான். முதலாளியான பெலூஷியும் அக்ராய்டும் மர்ரியும் ஆர்டரை மாறி மாறிக் கத்துவது பஜனை மடத்தில் ஒருவர் பாட மற்றவர் வாங்கிப் பாடுவதுபோல் இருக்கும். பெலூஷியின் தந்தை உணவகம் நடத்திய அல்பேனியக் குடியேறி. அந்த முதலாளியின் நடையிலும் அலுப்பிலும் தெரியும் நிஜம் அங்கிருந்து வந்திருக்கலாம்.

கில்டா ராட்னரின் பாத்திரங்களும் நிஜ மனிதர்களிடமிருந்து வந்தவையே. காது மந்தமான எமிலி லிட்டெல்லா, ராட்னரை வளர்த்த தாதியின் சாயல். தொலைக்காட்சியில் வன்முறை கூடாது என்று யாரோ சொன்னதை வயலின் கூடாது என்று கேட்டுக்கொண்டு, பாவம் வயலின் என்ன செய்தது என்று பொங்குவார். விஷயத்தைப் புரியவைத்ததும் ஒரு புன்னகையோடு ‘பரவாயில்லை, விடுங்கள்’ என்று எழுந்துவிடுவார். இன்னொரு பாத்திரமான ரோசான் ரோசானாடானாவின் பெயர், நியூயார்க் உள்ளூர்ச் செய்தியாளர் ஒருவரின் பெயரை ஒட்டி வந்தது. தலைமுடி ஒரு கூடாரம். எந்தச் செய்தியும் கடைசியில் மூக்கு, வியர்வை, பல்லிடுக்கு என்று அருவருப்பில் போய் முடியும். முதல் அணியின் சிறந்த நடிகர் யார் என்ற வழக்கில் பெலூஷிக்கே அதிக வாக்கு விழுகிறது. ராட்னர் அவருக்கு ஒரு படி மேல் என்பதே சரியான தீர்ப்பு.

1980இல் மைக்கேல்ஸ் விலகினார், பழைய நடிகர்களும் போனார்கள், நிகழ்ச்சி மூடப்படும் நிலைக்கு வந்தது. காப்பாற்றியவர் 19 வயது எடி மர்ஃபி. குழந்தைகள் நிகழ்ச்சி நடத்திய சாந்த சொரூபி ஃபிரெட் ராஜர்ஸை எடுத்து, சேரிக் குடியிருப்பில் வாடகை பாக்கியோடு ஒளிந்து வாழும் மிஸ்டர் ராபின்சனாக்கினார். கம்பி என்ற பச்சைக் களிமண் பொம்மையைச் சுருட்டுப் பிடிக்கும் சிடுமூஞ்சி பழைய நடிகராக்கினார். பக்வீட் என்ற பழைய திரைப்படச் சிறுவனின் மழலையைப் பிரதி செய்தது மிகப் பெரிய வெற்றி. தெருவில் பார்த்தவரெல்லாம் அதையே செய்யச் சொல்லி நச்சரிக்க, 1983இல் பக்வீட்டைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். அதிபர் ரீகன் மீதான துப்பாக்கிச் சூட்டைத் தொலைக்காட்சிகள் ஓயாமல் திரும்பத் திரும்பக் காட்டியதைக் கிண்டல் செய்வதாக அந்தக் கொலை எழுதப்பட்டது. அலுத்துப்போன பாத்திரத்துக்கு இதைவிட நல்ல சாவு கொடுக்க முடியாது.

மைக்கேல்ஸ் 1985இல் திரும்பினார். அடுத்த ஆண்டு வந்த டானா கார்வி, சிறுவயதில் தன் தேவாலயத்தில் யார் வந்தார், யார் வரவில்லை என்று கணக்கு வைத்த பெண்மணிகளை நினைவில் வைத்து ‘சர்ச் லேடி’யைச் செய்தார். மைக் மையர்ஸ் 1989 பிப்ரவரியில் ‘வேய்ன்ஸ் வேர்ல்ட்’ கொண்டுவந்தார்: பெற்றோர் வீட்டு நிலவறையில் உட்கார்ந்து உள்ளூர் கேபிளில் நிகழ்ச்சி நடத்தும் இரண்டு ராக் பைத்தியங்கள். 1992இல் அது திரைப்படமாகிச் சக்கைப்போடு போட்டது. காருக்குள் தலையாட்டிப் பாடும் காட்சியின் புண்ணியத்தில் குயீன் குழுவின் பழைய பாட்டான பொஹீமியன் ராப்சடி அமெரிக்கப் பாடல் வரிசையில் இரண்டாம் இடத்துக்கு ஏறியது. அந்த ஆசையில் தயாரிப்பாளர்கள் கண்ட பாத்திரத்தையெல்லாம் படமெடுத்தார்கள். ஆனால் முன்பே 1980இல் வந்த ‘தி புளூஸ் பிரதர்ஸ்’, பிறகு ‘வேய்ன்ஸ் வேர்ல்ட்’. இந்த இரண்டைத் தாண்டிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ‘இட்ஸ் பேட்’ (1994) போன்றவை வந்த சுவடு தெரியாமல் போயின. ஐந்து நிமிட வசனத்தை ஒன்றரை மணி நேரம் இழுத்தால் வேறென்ன ஆகும்?

1993 மே 8 அன்று வந்த மேட் ஃபோலிதான் எல்லாவற்றுக்கும் உச்சம். எழுதியவர் பாப் ஓடன்கர்க். பிற்காலத்தில் ‘பெட்டர் கால் சால்’ தொடரின் நாயகன். நடித்தவர் கிரிஸ் ஃபார்லி. வழி தவறும் இரண்டு பிள்ளைகளைத் திருத்த வரவழைக்கப்பட்ட தன்னம்பிக்கைப் பேச்சாளர் ஃபோலி. அவருக்கு வயது 35, மூன்று முறை விவாகரத்து ஆனவர், ஆற்றங்கரையில் நிற்கும் வேனில் குடித்தனம். இவர் போய் யாரைத் திருத்துவது? பிள்ளைகளாக நடித்த டேவிட் ஸ்பேடும் கிறிஸ்டினா ஆப்பிள்கேட்டும் முகத்தைக் கையால் மூடிக்கொண்டு சிரிப்பை விழுங்குவது திரையில் தெளிவாகத் தெரியும். பேன்ட்டை ஏற்றிவிட்டுக்கொண்டு, கண்ணாடியைத் தூக்கித் தூக்கிப் பார்த்த சேட்டை ஒத்திகையில் இல்லவே இல்லை என்று ஸ்பேட் பிற்பாடு சொன்னார். கடைசியில் ஃபார்லி தன் முழு உடம்போடு மேசை மேல் விழ, மேசை நொறுங்கியது. பெலூஷியைத் தெய்வமாக வைத்திருந்த ஃபார்லி 1997இல் போதை மருந்தால் இறந்தார். பெலூஷி 1982இல் இறந்ததும் அப்படித்தான். இருவருக்கும் வயது 33.

சிரிப்பை அடக்க முடியாமல் நடிகர் உடைந்துபோவதைத் தொழில்முறைக் குற்றமாகவே மைக்கேல்ஸ் கருதினார். ரசிகர்களோ அதைக் காணத் தவம் கிடந்தார்கள். 2000 ஏப்ரல் 8 அன்று ஒளிபரப்பான ‘கவ்பெல்’ குறுநாடகத்தில் வயிறு தெரியும் சட்டையோடு வில் ஃபெரல் மாட்டுமணியை அடித்து ஆடினார். இன்னும் மணி வேண்டும் என்று இசைத் தயாரிப்பாளராக வந்த கிறிஸ்டோஃபர் வாக்கன் துளி சிரிப்பில்லாமல் கேட்டார். ஜிம்மி ஃபாலன் தாங்காமல் உதட்டைக் கடித்துக்கொண்டார். 2004 மே மாதம் ரேச்சல் டிராட்சின் ‘டெபி டவுனர்’ முதன்முதலாக வந்தபோது மொத்த அணியும் கவிழ்ந்தது. டிஸ்னி வேர்ல்டில் குடும்பமே குதூகலமாகக் காலையுணவு சாப்பிடும் வேளையில் பூனைகளுக்கு வரும் எய்ட்ஸ் பற்றிப் பேசும் பெண் அவள். ஒவ்வொரு அபசகுனத்துக்கும் பின்னால் டிராம்போன் அழும். ஹொரேஷியோ சான்ஸ் தட்டிலிருந்த மிக்கி மவுஸ் வடிவ வாஃபிளை எடுத்துக் கண்ணீரைத் துடைத்துக்கொண்டார். பில் ஹேடரின் ‘ஸ்டெஃபான்’ என்ற பாத்திரம் இதையே முறையாக்கியது: உடன் எழுதிய ஜான் முலேனி, ஹேடருக்குத் தெரியாமல் வசன அட்டைகளைக் கடைசி நேரத்தில் மாற்றி வைப்பார். ஹேடர் முகத்தைக் கையால் மறைப்பதே அந்தப் பாத்திரத்தின் முத்திரையானது.

அரசியல் வேஷங்கள் தனி வரலாறு. செவி சேஸ், அதிபர் ஃபோர்டுபோல் ஒப்பனைகூடப் போடவில்லை. தடுக்கி விழுந்தார், போதுமாக இருந்தது. கார்வியின் அதிபர் புஷ் வேஷம் அவ்வளவு பிடித்துப்போய், 1992 தேர்தலில் தோற்ற பிறகு புஷ்ஷே அவரை வெள்ளை மாளிகைக்கு அழைத்தார். 2008இல் டினா ஃபே, துணை அதிபர் வேட்பாளர் சாரா பேலின் வேடத்தில், வீட்டிலிருந்தே ரஷ்யா தெரிகிறது என்றார். பேலின் அப்படிச் சொன்னதில்லை. ஆனாலும் அதை அவர் சொன்னதாகவே பலர் இன்றும் நம்புகிறார்கள்.

தமிழருக்கும் இங்கே ஒரு தொடர்பு உண்டு. சென்னையில் பிறந்த சியாமளா கோபாலனின் மகள் கமலா ஹாரிஸாக மாயா ருடால்ஃப் 2019 முதல் நடித்து எம்மி விருது பெற்றார்; 2024 நவம்பர் 2 அன்று, அதிபர் தேர்தலுக்கு மூன்று நாள் முன்னால், வேட்பாளர் ஹாரிஸே வந்து கண்ணாடிப் பிம்பமாக எதிரில் உட்கார்ந்தார். 2017 ஜனவரியில் நிகழ்ச்சியை நடத்திய அசிஸ் அன்சாரி, தமிழ்நாட்டிலிருந்து குடியேறிய பெற்றோரின் மகன். தெற்காசிய வம்சாவளியினர் ஒருவர் அந்த மேடையில் விருந்தினராக நிற்க 41 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. கறுப்பினப் பெண் நடிகர் இல்லையே என்ற கண்டனம் 2013இல் பெரிதாகி, சஷீர் ஸமாட்டா அடுத்த ஜனவரியில் சேர்க்கப்பட்டார். எல்லோரையும் கிண்டல் செய்த நிகழ்ச்சி, தன் வீட்டுக் குறையைப் பார்க்கத் தாமதித்தது.

2005 டிசம்பரில் ஆண்டி சாம்பர்க் குழுவின் ‘லேஸி சண்டே’ காணொலி புதிதாக வந்திருந்த யூடியூபில் காட்டுத்தீயாகப் பரவியது. அதன்பின் குறுநாடகங்களுக்குச் சனிக்கிழமை இரவு என்ற எல்லை போயிற்று. இருந்தாலும் நடிகர் சிரிப்பில் உடைந்தால் ரசிகர்கள் கொண்டாடுவார்கள் என்ற பழைய விதி மாறவில்லை. பல ஆண்டுகளாகப் பலமுறை முன்வைத்தும் மேடையேறாத ஒரு யோசனை 2024 ஏப்ரலில் ஒளிபரப்பானது: தீவிரமான விவாதத்தின் நடுவே, கார்ட்டூன் பாத்திரங்களான பீவிஸ், பட்ஹெட் ஜாடையில் இருவர் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். ஹைடி கார்ட்னர் திரும்பிப் பார்த்தார், வசனம் தொலைந்தது, அரங்கம் அதிர்ந்தது.

பொன்விழா நிகழ்ச்சி 2025 பிப்ரவரி 16 அன்று ஒளிபரப்பானது. ஐம்பது ஆண்டுச் சரக்கையும் பார்க்க யாருக்கும் நேரமிருக்காது. அதில் பாதி எடுபடாதவையும்கூட. புதிதாகப் பார்க்க வருபவர் மேட் ஃபோலியிலிருந்து தொடங்கலாம். அது பிடிக்கவில்லை என்றால் மற்றவற்றைத் தேடிப் போக வேண்டியதில்லை.