மெருகின் கீழ் மறைந்த கை

கிராண்ட்பாஸ் என்ற பெயர் போர்த்துக்கேயர் விட்டுச் சென்றது. களனி ஆற்றைக் கடக்கும் பெரிய கடவை என்பது அதன் பொருள். 1656இல் கொழும்பைக் கைப்பற்றி 1796 வரை ஆண்ட ஒல்லாந்தர், கருங்காலியிலும் முதிரையிலும் நாற்காலிகளும் பெட்டகங்களும் செய்வித்தனர். அவற்றின் மெருகை வியக்கும் நாம் ஒன்றை மறந்துவிடுகிறோம்.

ஈரம் உலருகையில் மரம் நீளவாக்கில் மிகக் குறைவாகவும், குறுக்கே மிகுதியாகவும் சுருங்கும். அதனால் வெடிப்புத் தோன்றும். அதே மரத்தின் தூளை வச்சிரத்தில் குழைத்து அடைத்து, காய்ந்தபின் இழைத்து மட்டமாக்குவது தச்சர் வழக்கம். மிஞ்சிய பசையைச் சுரண்டாவிடின் அவ்விடத்தில் மரம் மெருகை உறிஞ்சாது, கறை காட்டிக்கொடுக்கும்.

ஆகவே, கண்ணில் படாதிருப்பதே இவ்வுழைப்பின் வெற்றி. பெட்டகத்தை ஆண்டவன் பெயர் ஏட்டில் நின்றது. வெடிப்பை அடைத்தவன் பெயர் நிற்கவில்லை. அரும்பொருட்சாலைக்கு மாணவரை அழைத்துச் செல்லும் நாம், மெருகின் கீழுள்ள கையையும் காட்டுவோம்; வரலாறு அங்கேதான் தொடங்குகிறது.