வந்தவர்கள் கட்டிய ஊரில் யார் ஆக்கிரமிப்பாளர்?

தீபத்திருவிழா நெருங்கும்போது திருவண்ணாமலையில் ஜேசிபி வரும். கிரிவலப்பாதை ஓரத்துத் தார்ப்பாய்கள் பிரிக்கப்படும், தள்ளுவண்டிகள் லாரியில் ஏறும். "ஆக்கிரமிப்புகள் அகற்றம்" என்று மறுநாள் நாளிதழில் நான்கு வரிச் செய்தி வரும். அந்தக் கடையை வைத்திருந்தவர் யார், எந்த ஊரிலிருந்து வந்தார், எத்தனை ஆண்டாக அங்கே விற்றார் என்பது அந்தச் செய்தியில் இருக்காது.

ஊர் அழகாவதை நாம் எதிர்க்கவில்லை. நல்ல சாலையும் கழிப்பறையும் குடிநீரும் முதலில் வேண்டியது நம் மக்களுக்குத்தான். நாம் கேட்பது வேறு. இந்த ஊரில் யாரை "வந்தவர்" என்கிறோம், யாரை "ஆக்கிரமிப்பாளர்" என்கிறோம்? அதை முடிவு செய்வது யார்?

வரலாற்றைப் பார்ப்போம். 14ஆம் நூற்றாண்டில் திருவண்ணாமலையைத் தலைநகராகக் கொண்டிருந்த மூன்றாம் வல்லாளன் ஹொய்சள மன்னன், கன்னட நாட்டிலிருந்து வந்த வம்சம். 217 அடி ராஜகோபுரத்தைத் தொடங்கிய கிருஷ்ணதேவராயர் விஜயநகரத்தவர். அதை முடித்த சேவப்ப நாயக்கர் தஞ்சையை ஆண்டவர். 1896இல் வந்த ரமணருக்குச் சொந்த ஊர் திருச்சுழி. யோகி ராம்சுரத்குமார் கங்கைக்கரையிலிருந்து வந்தார். ரமணாசிரமத்தைச் சுற்றி ஆண்டுக்கணக்கில் தங்கும் வெளிநாட்டவர்களும் உண்டு. இவர்களில் யாரிடமும் "எப்போது வந்தீர்கள், சான்று இருக்கிறதா" என்று யாரும் கேட்டதில்லை. மன்னர் வந்தால் திருப்பணி, சாமியார் வந்தால் அருள், சுண்டல் விற்கும் பெண் வந்தால் மட்டும் ஆக்கிரமிப்பு.

அந்தப் பெண் ஏன் வந்தார்? அதற்கும் வரலாறு இருக்கிறது. 1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் டிரமென்ஹீர், ஒடுக்கப்பட்ட மக்கள் நிலமற்றுக் கிடப்பதை அறிக்கையாக எழுதினார். அதைத் தொடர்ந்து 1892இல் வந்த அரசாணைப்படி சென்னை மாகாணத்தில் சுமார் 12 லட்சம் ஏக்கர் பஞ்சமி நிலம் ஒதுக்கப்பட்டதாகச் சொல்கிறோம். அதில் பெரும்பகுதி இன்று யார் கையில் இருக்கிறது என்பதை நம் இயக்கத்துக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. நிலம் போனவர்கள் கூலிக்குப் போனார்கள். கூலியும் குறைந்தபோது ஊரை விட்டுக் கிளம்பினார்கள்.

1989இல் திருவண்ணாமலை மாவட்டத் தலைநகரானது. 1990களில் பௌர்ணமி கிரிவலம் பெருகியது. 14 கிலோமீட்டர் பாதையில் மாதம் ஒருமுறை லட்சக்கணக்கான கால்கள் நடக்கத் தொடங்கின. நடப்பவர்களுக்குப் பசிக்கும், தாகம் எடுக்கும், செருப்பு அறும். அந்தத் தேவையை நம்பிச் சுற்றுவட்டாரச் சேரிகளிலிருந்து வந்தவர்கள் பலர். ஆயிரம் ரூபாய் முதலில் தொடங்கக்கூடிய தொழில் வேறு எது இருந்தது?

இதில் பணத்தைவிடப் பெரிய ஒன்றும் இருக்கிறது. ஊர்த்தெருவில் தலித் பெண் இட்லிக்கடை போட்டால் வாங்கிச் சாப்பிடுபவர் எத்தனை பேர்? இரட்டைக் குவளையை வைத்திருந்த அதே கிராமத்தில் நம் கையால் போட்ட தேநீர் விலைபோகுமா? கிரிவலப்பாதையில் இரவு இரண்டு மணிக்குக் கால் வலியோடு வருபவர், வண்டிக்காரரின் சாதியைக் கேட்பதில்லை. சூடாக இருக்கிறதா என்றுதான் கேட்கிறார். கிராமத்தைப் புனிதமாக்கிப் பேசியவர்களை அரசியல் நிர்ணய சபையில் 1948 நவம்பரில் அம்பேத்கர் கடுமையாக மறுத்ததன் பொருள் இந்தத் தள்ளுவண்டியருகே நின்றால் புரியும். இதே மாவட்டத்தின் தென்முடியனூரில் தலித் மக்கள் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் கால் வைக்க 2023 ஜனவரி 30 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவும் போலீஸ் பாதுகாப்போடு. அங்கிருந்து நகரத்துக்கு வருவது பிழைப்புக்காக மட்டுமல்ல, மரியாதைக்காகவும்தான்.

பாசிமணி விற்கும் நரிக்குறவர்களின் பயணம் இன்னும் நீண்டது. வீட்டில் பேசும் வாக்ரிபோலி, அவர்கள் எந்தத் திசையிலிருந்து வந்தார்கள் என்பதைச் சொல்கிறது. தலைமுறை தலைமுறையாகத் தமிழ்நாட்டில் வாழ்ந்தும், அவர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் மசோதாவை நாடாளுமன்றம் நிறைவேற்றியது 2022 டிசம்பரில்தான். பட்டியலில் பெயர் ஏறிவிட்டது. பாதையோரத்தில் விரித்த துணிக்கு இடம் கிடைத்ததா?

இந்த ஊரில் "மேம்பாடு" தடுக்கப்பட்டதே இல்லை என்று நினைக்காதீர்கள். 2002இல் இந்தியத் தொல்லியல் துறை அருணாசலேசுவரர் கோயிலைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்தது. அப்படி அறிவித்தால் சுற்றி 100 மீட்டருக்குள் கட்டுமானத்துக்குத் தடை வரும். எதிர்ப்பு கிளம்பியது, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது, கடைசியில் தொல்லியல் துறை பின்வாங்கியது. 2016இல் கிரிவலப்பாதையை அகலப்படுத்த மரங்கள் வெட்டப்பட்டபோது பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்டது. 2023இல் ராஜகோபுரத்தின் முன் வணிக வளாகம் கட்டும் திட்டமும் உயர் நீதிமன்றம் வரை போய் நின்றது. கட்டடத்துக்காகப் பேசியவர்கள் இருந்தார்கள், மரத்துக்காகவும் கோபுரத்துக்காகவும் பேசியவர்கள் இருந்தார்கள். அவை நியாயமான குரல்களாகவே இருக்கட்டும். தரைக்கடைக்காக நாம் எத்தனை முறை நீதிமன்றப் படி ஏறினோம்? இந்தக் கேள்வியை முதலில் நம்மிடமே கேட்டுக்கொள்வோம்.

அப்புறப்படுத்தி வேறு இடம் தந்தால் போதாதா என்று சிலர் கேட்கிறார்கள். சென்னை பாண்டி பஜாரைப் பாருங்கள். 2013இல் அங்கே நடைபாதை வியாபாரிகளை மாடிக் கட்டடம் ஒன்றுக்குள் மாற்றினார்கள். நடந்துபோகிறவர் கண்ணில் பட்டால்தான் விற்கும் பொருள், மாடி ஏறினால் எப்படி விற்கும் என்று அவர்கள் குமுறினார்கள். 2019இல் அதே சாலை பளபளப்பான நடைபாதை வளாகமாகத் திறக்கப்பட்டது. மும்பை தாராவியில் நம்மவர்கள் தோல் பதனிட்டு, முறுக்கு சுட்டு, ஒரு பகுதியையே உருவாக்கினார்கள். அங்கே இலவச வீட்டுக்குத் தகுதி பெற, 2000 ஜனவரி 1க்கு முன்பே இருந்ததற்குச் சான்று காட்ட வேண்டும். "எப்போது வந்தாய்" என்ற கேள்வி ஏழையிடம் மட்டுமே கேட்கப்படுகிறது.

ஆனால் சட்டம் நம் பக்கம் கொஞ்சம் நிற்கிறது. சாலையோர வியாபாரம் அரசமைப்பின் 19(1)(ஜி) பிரிவின் கீழ் வரும் உரிமை, நியாயமான கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டது என்று 1989இல் சோதன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2014ஆம் ஆண்டு சாலையோர வியாபாரிகள் சட்டம் இன்னும் தெளிவாகச் சொல்கிறது. கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் தரும்வரை யாரையும் அகற்றக்கூடாது. அகற்றுவதானால் 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். பொருளைப் பறித்தால் பட்டியல் தர வேண்டும். அழுகும் பொருளை அன்றே திருப்பித் தர வேண்டும், மற்றவற்றை இரண்டு வேலை நாளுக்குள். நகர விற்பனைக் குழுவில் 40 விழுக்காட்டுக்குக் குறையாமல் வியாபாரிகள் இருக்க வேண்டும், அதில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கும் இடம் உண்டு. 50 ஆண்டுகளுக்கு மேல் வியாபாரம் நடக்கும் இயல்பான சந்தையைப் பாரம்பரியச் சந்தையாக அறிவிக்க வேண்டும், அங்கிருந்து யாரையும் மாற்றக்கூடாது. கார்த்திகைதோறும் மாட்டுச்சந்தை கூடிய ஊரில் அந்தப் பிரிவை யாராவது படித்துக் காட்டினார்களா?

எங்களில் ஒருவரின் அம்மா வேர்க்கடலை விற்றவர். ஒரு தீபத்துக்கு முந்தைய நாள் அவருடைய வண்டியையும் தராசையும் எடுத்துப் போனார்கள். பட்டியல் எதுவும் தரவில்லை. அப்படி ஒன்றைக் கேட்கலாம் என்பது எங்களுக்கும் அன்று தெரியாது. வண்டி திரும்பவில்லை. அவர் மறுபடி நாற்று நடப் போனார், தான் விட்டு வந்த அதே ஊருக்கு, அதே நிலக்காரரிடம். ஒரு தள்ளுவண்டி போனால் என்ன போகிறது என்று கேட்பவர்களுக்கு எங்கள் பதில் இதுதான்.

2024இல் திருவண்ணாமலை மாநகராட்சியாகிவிட்டது. இனித் திட்டங்களும் நிதியும் கூடும், அகற்றலும் கூடும். எனவே மாணவத் தோழர்களே, அடுத்த பௌர்ணமிக்கு ஒரு நோட்டோடு வாருங்கள். இந்திர லிங்கத்தில் தொடங்கி ஈசான்ய லிங்கம் வரை ஒவ்வொரு கடையாக உட்கார்ந்து பேசுங்கள். எந்த ஊர், எந்த ஆண்டு வந்தார், என்ன விற்கிறார், சான்றிதழ் இருக்கிறதா என்று எழுதுங்கள். விற்பனைக் குழுவில் வியாபாரிகளின் பிரதிநிதிகள் யார், கணக்கெடுப்பு எப்போது நடந்தது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். மன்னர்கள் வந்ததைக் கல்வெட்டில் எழுதி வைத்தார்கள். நம் அம்மாக்கள் வந்ததை நாம்தான் எழுத வேண்டும், ஜேசிபி வருவதற்கு முன்பே.